தாய்மாமனுக்கு லீவு இல்லை

என் முதுகில் தோல் உரிந்துகொண்டிருந்ததை முதலில் பார்த்தவள் என் தங்கை ஆனந்திதான். அதுவும் எப்போது? அவளுடைய மாமனார் மலைச்சாமியைச் சுடுகாட்டில் எரித்துவிட்டு வந்து, சித்தையன்கோட்டையில் அவர்கள் வீட்டுப் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஆண்களெல்லாம் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது. சட்டையைக் கழற்றாமலே குளித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். "என்ன மச்சான், சட்டையோடவா ஊத்துவீக?" என்று ஆனந்தியின் கணவன் பெரியகருப்பன் கேட்டதும் வேறு வழியில்லை. கழற்றினேன்.

மாற்று வேட்டி கொண்டுவந்த ஆனந்தி அப்படியே நின்றுவிட்டாள். என் இரண்டு தோள்பட்டையிலும் தோல் வெடித்து, வெங்காயத் தோல் மாதிரி சுருள் சுருளாக எழும்பியிருந்தது. முதுகு பூராவும் திட்டுத் திட்டாகச் சிவப்பு.

"ஐயோ, எங்க அண்ணன வெயில்ல போட்டு வாட்டிட்டாய்ங்களே! பாவி கம்பெனிக்காரய்ங்க! இந்த முதுகப் பாருங்களேன்!"

முந்தின நாளிலிருந்து மாமனாருக்காக அழுது தொண்டை கட்டியிருந்தவள், எனக்காகப் புதிதாக ஓர் அழுகையை ஆரம்பித்தாள். பெண்கள் கூடிவிட்டார்கள். கத்தாரில் ஐம்பது டிகிரி அடிக்கிறதாம் என்றார் ஒருவர். அங்கே தார் ரோடே உருகுமாம் என்றார் இன்னொருவர். புருஷனைப் பறிகொடுத்து ஒன்றரை நாள்கூட ஆகாத பொன்னழகு அத்தை, அதாவது ஆனந்தியின் மாமியார், உள்ளே ஆளை அனுப்பித் தேங்காய் எண்ணெய் எடுத்துவரச் சொன்னாள். சாவு வீட்டில் எனக்கு எண்ணெய் தடவினார்கள். எரிந்தது. எண்ணெய் பட்டு எரிந்ததை மட்டும் சொல்லவில்லை.

உங்களிடமாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் மணிமாறன். சொந்த ஊர் தாடிக்கொம்பு பக்கம் அகரம். தோஹாவில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஏசி பராமரிப்புக் குழுவுக்குச் சூப்பர்வைசர். வெயிலைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தே பத்து வருடம் ஓட்டியவன். எங்கள் கட்டடத்தில் ஜூன் மாதம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தத் தோல் வேலையால் உரியவில்லை. கிரேக்க நாட்டில் மைக்கோனோஸ் என்று ஒரு தீவு இருக்கிறது. அதன் மணலில் ஐந்து நாள் அரை டவுசரோடு மல்லாந்தும் குப்புறவும் கிடந்ததால் உரிந்தது.

எங்கள் பக்கம் வெயிலில் ஒருவன் நிற்கிறான் என்றால் வேலைக்காக நிற்கிறான் என்று அர்த்தம். பூப்பறிக்க நிற்பான், நெல் காயப்போட நிற்பான், பஸ்ஸுக்கு நிற்பான். வெயிலில் படுப்பதற்கென்றே விசா வாங்கிக் கடல் தாண்டிப் போகிற மனிதன் உண்டு என்பது அந்தத் தொட்டியடியில் நின்ற ஒருவர் புத்திக்கும் எட்டாது. அவர்கள் மேல் என்ன தப்பு? எனக்கே அந்த வைகாசி வரைக்கும் எட்டியதில்லை.

வைகாசியில்தான் ஆனந்தியின் மகள் தமிழ்நிலாவுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். பிள்ளைக்கு இரண்டரை வயது. குலசாமி கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டும். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். அப்பா இல்லை. ஆனந்திக்குப் பிறந்த வீடு என்றால் அம்மா அங்காளம்மாளும் நானும்தான். ஆகவே என் மடி இல்லாமல் அந்த விசேஷம் இல்லை.

எனக்கு லீவு இருந்தது. நன்றாகவே இருந்தது. இருபத்திரண்டு நாள் மிச்சம் கிடந்தது. ஆனால் பத்து வருடமாக நான் எடுத்த ஒவ்வொரு லீவும் யாருடைய விசேஷமாகவோதான் முடிந்திருந்தது. ஆனந்தி கல்யாணம், அவளுடைய வளைகாப்பு, அம்மாவின் கண் ஆபரேஷன், பங்காளிகளின் கோயில் கும்பாபிஷேகம். ஊருக்கு வந்தால் முதல் நாள் பந்தல்காரரோடு, கடைசி நாள் பாத்திரக் கடைக்காரரோடு. திரும்பப் போய் விமானத்தில் உட்காரும்போதுதான் நான் ஓய்வெடுக்கவே ஆரம்பிப்பேன். இந்தச் சமயத்தில் என் அறைக்கூட்டாளிகள் முனீரும் ரொனால்டும் ஏதென்ஸுக்கு மலிவாக டிக்கெட் கிடைக்கிறது, அங்கிருந்து தீவுக்குக் கப்பலில் போகலாம் என்று வந்து நின்றார்கள். அதே வாரம். நான் ஒரு ராத்திரிகூட யோசிக்கவில்லை என்பதுதான் கேவலம்.

ஆனந்திக்குப் போன் செய்து, லீவு இல்லை என்றேன். அவள் விடாமல் கேட்டதும் என் மேனேஜர் தலையில் பழியைப் போட்டேன். அந்த ஆள் மனுசனே இல்லை, கல் நெஞ்சுக்காரன், லீவு கேட்டாலே பேப்பரைக் கிழித்துப் போடுவான் என்றெல்லாம் அளந்துவிட்டேன். அவரோ பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி எல்லார் மேஜைக்கும் தானே கொண்டுவந்து வைக்கிற சாது. ஆனந்தி அவருக்குத் தினமும் ஒரு சாபம் கொடுத்தாள். காதுகுத்தை ஆவணிக்குத் தள்ளிவைத்தார்கள்.

அந்தத் தீவைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் செய்த தப்பின் அளவு உங்களுக்குப் புரியாது.

மைக்கோனோஸ் பணம் படைத்தவர்களின் தீவு. துறைமுகத்தில் நின்ற தனியார் படகுகள் ஒவ்வொன்றும் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தைவிடப் பெரியவை. நல்ல கடற்கரைகளில் ஒரு குடையும் அதற்கடியில் இரண்டு சாய்வுக் கட்டிலும் ஒரு நாளைக்கு எடுப்பதற்குக் கேட்ட தொகையில் நாங்கள் மூவரும் பத்து நாள் சாப்பிடலாம். ரொனால்டு அதைக் கேட்டதுமே, "வாங்கலே, அடுத்த கப்பலுக்குப் போயிருவம்" என்றான்.

முனீர்தான் போனில் தேடித் தேடி வழி கண்டுபிடித்தான். அந்த நாட்டில் மணலுக்கும் தண்ணீருக்கும் யாரும் காசு கேட்க முடியாது. குடைக்கும் கட்டிலுக்கும்தான் காசு. குடை வரிசை எங்கே முடிகிறதோ அங்கே நம் பெட்ஷீட்டை விரித்துக்கொண்டால் ஒருத்தனும் ஒன்றும் சொல்ல மாட்டான். அப்படியே செய்தோம். தோஹா அறையிலிருந்து கொண்டுபோன, ஓரம் பிய்ந்த பூப்போட்ட பெட்ஷீட். பக்கத்துக் குடையடியில் படுத்திருந்த சீமாட்டிக்கும் எங்களுக்கும் நடுவே நான்கடிதான் இருக்கும். அவளுக்கு அடித்த அதே காற்று எங்களுக்கும் அடித்தது. அவள் இறங்கிய அதே தண்ணீரில்தான் நாங்களும் இறங்கினோம்.

இரண்டாம் நாள் அதைவிட நல்ல இடம் கிடைத்தது. பஸ்ஸில் போய் இறங்கி, மேட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் குடையே இல்லாத ஒரு கடற்கரை. கடையில்லை, பாட்டுச் சத்தமில்லை. மேலே சுண்ணாம்பு அடித்த குட்டிக் கோயில் ஒன்று. நாங்கள் பஸ் ஏறுமுன் வாங்கிய ரொட்டி, தக்காளி, பாதித் தர்ப்பூசணி. ரொனால்டு ஊரிலிருந்து வந்த புளியோதரைப் பொடியைப் பிரித்து, தீவில் தங்கியிருந்த அறையில் வடித்து எடுத்துவந்த சோற்றில் பிசைந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மூக்கை இழுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, கையை நீட்டி ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வர, இன்னொரு வாய் கேட்டார்.

நான் கிணற்றில் நீச்சல் கற்றவன். கிணற்றில் கை காலை நிறுத்தினால் உள்ளே போய்விடுவோம். இந்தக் கடலில் ஒன்றுமே செய்யாமல் மல்லாந்தேன், அது என்னைத் தூக்கி வைத்துக்கொண்டது. காதுக்குள் தண்ணீர் புகுந்து எல்லாச் சத்தமும் நின்றுபோனது. அந்தத் தீவில் என்னை அண்ணே என்று கூப்பிட ஆளில்லை, ஏலே மணிமாறா என்று கூப்பிட ஆளில்லை, சார் என்று கூப்பிடவும் ஆளில்லை. முப்பத்தைந்து வயதில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்தது. அது பொய் என்று சொல்லிவிட முடிந்தால் இந்தக் கதையைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் மதியம் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தபோது ரொனால்டு கரையிலிருந்து என் போனைத் தூக்கிக் காட்டினான். ஆனந்தி. எடுத்தேன்.

"என்னண்ணே, ஒரே காத்துச் சத்தமா இருக்கு?"

"சைட்ல இருக்கேன். மணல் காத்து."

"மூஞ்சில துணியக் கட்டிக்கண்ணே. சரி, ஒரு விசயம் கேக்கத்தான் கூப்பிட்டேன். மாமாவுக்கு நேத்து மறுபடியும் நெஞ்சுல வலி வந்துருச்சு. திண்டுக்கல்லுக்குத்தான் கொண்டுபோய்ட்டு வந்தோம். இப்பத் தேவல. ஆனா மனுசன் பயந்துட்டாரு. ஆவணி வரைக்கும் வேணாம், குறிச்ச நாள்லயே வெள்ளிக்கெழம பத்துப் பேரோட போயிக் குத்திருவோம், நான் இருக்கையில பாத்துர்றேன்னு சொல்றாரு. நம்ம பங்காளி வகையில தமிழ்நிலாவுக்கு மாமன் முறை ஒருத்தரு மடியில வச்சுக்கிறேங்குறாரு. நீ என்ன சொல்ற?"

என்னிடம் அனுமதி கேட்டாள். நான் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் சரி என்று ஒரு சொல் சொல்வதுதான். அதைச் சொல்லியிருந்தால் என் பொய்கூட யாரையும் கடிக்காத பொய்யாகப் போயிருக்கும்.

ஆனால் எனக்குள் இருந்த தாய்மாமனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தப்புச் செய்கிறவனுக்குக் குரல் கொஞ்சம் அதிகமாகத்தான் வருகிறது.

"அதென்ன, நான் உசுரோட இருக்கையில எம் மருமக இன்னொருத்தன் மடியில உக்காரணுமா? நான் என்ன செத்தா போயிட்டேன்? ஆவணிக்குக் கண்டிப்பா வாரேன். மாமாகிட்டச் சொல்லு, அவருக்கு ஒண்ணும் ஆகாது."

அலை வந்து முழங்காலில் மோதியது. ஆனந்தி, "சரிண்ணே, நீ சொன்னாச் சரிதான். நான் பேசிக்கிறேன்" என்றாள். அவள் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. போனை வைத்துவிட்டு நான் மறுபடியும் மல்லாந்தேன்.

வெள்ளிக்கிழமை காதுகுத்து நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் தோஹா திரும்பினேன். அதற்கு அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில் மலைச்சாமி மாமா போய்ச் சேர்ந்தார். கட்டிலை விட்டு எழுந்து செருப்பில் கால் நுழைக்கும்போது அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

மேனேஜரிடம் போய் நின்று, மாமா இறந்துவிட்டார் என்றேன். எந்த வழி மாமா என்றுகூட அவர் கேட்கவில்லை. எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு என் தோளில் தட்டினார். உரிந்த இடம். துள்ளிவிட்டேன். மன்னிப்புக் கேட்டார்.

மதுரையில் இறங்கி, வாடகைக் கார் பிடித்துச் செம்பட்டி வழியாகச் சித்தையன்கோட்டை போய்ச் சேர்ந்தபோது எனக்காகத்தான் தூக்காமல் வைத்திருந்தார்கள். "கருமத்துக்கு மட்டும் விட்டாய்ங்க பாரு அந்தக் கம்பெனிக்காரய்ங்க" என்று ஆனந்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம்தான் அந்தத் தொட்டியடியும் தேங்காய் எண்ணெயும்.

எனக்கு உண்மையில் தாங்க முடியாமல் போனது எண்ணெய் இல்லை. மறுநாள் காலையில் கேட்ட பேச்சு.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் பொன்னழகு அத்தை ஒரே விஷயத்தைத்தான் சொல்லி அழுதாள். "பேத்திக்குக் காது குத்துறதப் பாத்துட்டுப் போயிர்றேன்னு சின்னப்புள்ள மாதிரிக் கெஞ்சுனாரு. இவதான் வேணாம்னு ஒத்தக்கால்ல நின்னா. எங்க அண்ணன் மடியிலதான் குத்தணும்னா. அவரு ஆசய மனசுலயே வச்சுக்கிட்டுப் போயிட்டாரு."

நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஆனந்தி உள்ளேயிருந்து வந்து, "அண்ணே, காப்பி குடி" என்று டம்ளரை நீட்டினாள். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்தும் மூன்று மாதம் கழித்தும் அந்த வீட்டில் அவள் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் சோறு வடிக்கப்போகிறாள் என்று தெரிந்தது.

அன்று சாயங்காலம் அவளைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "வேணாம்னு நான்தான சொன்னேன்? அவுககிட்ட ஏன் அதச் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? நீ வெயில்ல நின்னுக்கிட்டு ஏதோ ஆத்திரத்துல சொல்லிருப்ப. உன்னயப் போட்டு இவுக பேசவா? நான்தான் வேணாம்னேன்னு சொல்லிட்டேன். இந்த வீட்டு ஆளுகளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

அன்றே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், அவள் என் தோளைப் பார்த்துவிட்டு, "எரியுதாண்ணே?" என்றாள். வாயை மூடிக்கொண்டேன். பதினாறாம் நாள் கருமாதி வரைக்கும் அகரத்தில் அம்மாவோடு இருந்தேன். தினமும் காலையில் கண்ணாடியில் தோளைப் பார்ப்பேன். தோல் உதிர்ந்து உதிர்ந்து அடியில் புதிதாக வந்துகொண்டிருந்தது. உடம்புக்கு என்ன, அது பாட்டுக்குச் சரியாகிவிடுகிறது. பெரியகருப்பனும் ஆனந்தியும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை என்று அம்மா சொன்னாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்கட்டில் தனியாகப் படுக்கிறாளாம்.

அன்றைக்கு முடிவு செய்தேன். கருமாதியன்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது. தனியாகச் சொன்னால் ஆனந்தி அமுக்கிவிடுவாள். பழி எல்லோர் முன்னாலும் அவள் மேல் விழுந்தது. எல்லோர் முன்னாலும்தான் அதை எடுக்க வேண்டும்.

கருமாதியன்று காலை திண்டுக்கல் நாகல் நகரில் ஆட்டோவை நிறுத்தி, மாப்பிள்ளைக்கு வேட்டி, துண்டு, அத்தைக்குச் சேலை எல்லாம் வாங்கினோம். தகப்பனை இழந்த மகனுக்கு அவன் பெண் எடுத்த வீட்டார்தான் உருமா கட்ட வேண்டும். புதுத் துண்டைத் தலையில் கட்டி, இனி இந்த வீட்டுக்கு நீதான் பெரியவன் என்று சொல்கிற சடங்கு. என் அப்பா இருந்திருந்தால் அவர் கட்டியிருப்பார். இப்போது நான்.

சித்தையன்கோட்டை வீட்டு வாசலில் பந்தல். பெரியகருப்பன் மொட்டைத் தலையோடு மணையில் உட்கார்ந்திருந்தான். அறுபது, எழுபது பேர் சுற்றி நின்றார்கள். நான் துண்டை விரித்துக் கையில் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் போய் நின்றேன். சரியாக அந்த நேரத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து பொன்னழகு அத்தையின் குரல் எழுந்தது.

"உருமா கட்ட மட்டும் மாமன் வந்துட்டான். காது குத்த மாமன் வரலயே! அவன் வராமக் குத்தக்கூடாதுன்னு தடுத்துப்புட்டாளே! எம் புருசன் பாக்காமப் போயிட்டாரே!"

ஆனந்தி தூணோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பெரியகருப்பன் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அத்தே," என்றேன். சத்தமாகத்தான் வந்தது. "ஆனந்திய ஒண்ணும் சொல்லாதீக. அவ தடுக்கல. நாந்தான் தடுத்தேன். போன்ல என்கிட்டக் கேட்டா, நாந்தான் கூடாதுன்னேன். இன்னொண்ணும் சொல்றேன். எனக்கு லீவு இருந்துச்சு. கம்பெனிக்காரன் ஒண்ணும் சொல்லல. நான் வரல. கூட்டாளிகளோட ஊர் சுத்தப் போயிட்டேன். கடற்கரையில போய்ப் படுத்துக் கெடந்தேன். மாமா ஆச நெறவேறாமப் போனதுக்கு நாந்தான் காரணம்."

யாரோ தும்மினார்கள். நான் அடிக்காகக் காத்திருந்தேன். திட்டோ, சாபமோ, ஏதோ ஒன்று. அது வந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

"அண்ணே!" ஆனந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "எதுக்குண்ணே இப்படிப் பொய் சொல்ற?"

"பொய் இல்ல ஆனந்தி."

அவள் என்னைக் கவனிக்கவே இல்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். கண்ணெல்லாம் தண்ணீர். "என்னயப் பேசுறத அதுக்குத் தாங்க முடியல. பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்குது. கடற்கரையில படுத்துக் கெடந்துச்சாம்! எழவன்னைக்கு அது முதுகப் பாத்தீகள்ல? நீங்களே சொல்லுங்க, கடற்கரையில படுத்தவன் முதுகா அது?"

"இல்லத்தா, இல்ல" என்றார்கள் நாலைந்து பேர் ஒரே குரலில். தொட்டியடியில் என்னோடு குளித்த ஒரு பெரியவர், "நான் பாத்தேன்ல. கொப்புளம் கொப்புளமால்ல இருந்துச்சு" என்று சாட்சி சொன்னார். பெரியகருப்பன் மணையிலிருந்தபடியே என் கையைப் பிடித்தான்.

"விடுங்க மச்சான். அம்மா வருத்தத்துல பேசுது. நீங்க இப்படியெல்லாம் சொல்லணுமா? கட்டுங்க."

பொன்னழகு அத்தையே அழுகையை நிறுத்திவிட்டாள். "தங்கச்சிய ஒரு சொல்லுச் சொல்ல விட மாட்டேங்குறான் பாரு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லி மூக்கைச் சிந்தினாள். என் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெருமையில். நான் துண்டைச் சுற்றினேன். இரண்டு முறை அவிழ்ந்தது. மூன்றாம் முறை பக்கத்தில் நின்றவர் பிடித்துக்கொடுத்தார்.

உண்மையைச் சொல்லி நான் பந்தலிலேயே பெரிய உத்தமன் ஆகிவிட்டேன். சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது, ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது.

சடங்கு முடிந்து பந்திக்கு இலை போடுகிற நேரத்தில், தண்ணீர் எடுக்கப் பின்பக்கம் போன ஆனந்தியின் பின்னால் போனேன். தொட்டிக்கு அந்தப் பக்கம் தென்னைமரத்தடியில் யாருமில்லை. போனைத் திறந்து அந்தப் படத்தைக் காட்டினேன்.

தீவில் எங்கள் கடைசி நாள். ரொனால்டு எடுத்தது. இடுப்பளவு தண்ணீரில் நான் நிற்கிறேன். ஒரு கையில் தர்ப்பூசணிக் கீற்று, வாயெல்லாம் சிவப்பு, தலையெல்லாம் ஈரம், எல்லாப் பல்லும் தெரிய ஒரு சிரிப்பு. பின்னால் நீலமாகக் கடல்.

ஆனந்தி குடத்தைக் கீழே வைத்தாள். போனை வாங்கிக்கொண்டாள். முதலில் சிரிக்கப் போகிறவள் மாதிரி இருந்தது முகம். அப்புறம் படத்துக்கு மேலே தேதி இருப்பதைப் பார்த்தாள்.

"இது அந்த வெள்ளிக்கெழமதான?"

"ஆமா."

"அப்ப, நான் போன் பண்ணுன அன்னைக்கு?"

"தண்ணிக்குள்ளதான் நின்னேன்."

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள்ளிருந்து யாரோ, "ஆனந்தி, தண்ணி என்னாச்சு?" என்று கத்தினார்கள். "வாரேன்" என்றாள். போகவில்லை.

"நல்லா இருந்துச்சாண்ணே?"

இல்லை என்று சொல்லிவிடலாம். மனசு உறுத்தியது, ஊர் நினைப்பாகவே இருந்தது என்று ஏதாவது சொல்லலாம். ஆனால் இன்னொரு பொய்க்கு எனக்குத் தெம்பில்லை.

"நல்லா இருந்துச்சு ஆனந்தி. ரொம்ப நல்லா இருந்துச்சு."

தலையை ஆட்டினாள். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லண்ணே. இப்படி ஒரு ஊருக்குப் போகணும்னு ஆசையா இருக்குன்னு ஒரு வார்த்த. போயிட்டு வாண்ணேன்னு நானே சொல்லியிருப்பேன். பத்து வருசமா நீ எங்க போயிருக்க? அந்தப் பங்காளி மாமன் மடியில வச்சுக் குத்தியிருப்பேன். மாமா கண்ணாரப் பாத்துட்டுப் போயிருப்பாரு. அம்புட்டுத்தான விசயம்."

தென்னைமரத்தில் கையை ஊன்றிக்கொண்டேன்.

"நான் எல்லார்கிட்டயும் மறுபடியும் சொல்லிர்றேன்," என்றேன் கடைசியில். "இந்தப் படத்தக் காட்டுனா நம்புவாக."

அவள் முதல் முறையாக நேராக என் முகத்தைப் பார்த்தாள். கோபத்தை நான் எதிர்பார்த்தேன். இருந்தது களைப்பு.

"காட்டி? நீ சொல்லிட்டு விமானம் ஏறிருவ. உனக்குப் பாரம் எறங்கிரும். நான் எங்க போறது? இப்ப என்னயப் பிடிவாதக்காரிங்குறாக. பேசட்டும். நாளைக்கு ஒரு சண்டன்னா, எம் பொறந்த வீடு இருக்குன்னு நான் சத்தமாச் சொல்லணும்ல? மாமன் சாகக் கெடக்கையில கடல்ல கும்மாளம் போட்டவன் வீடுன்னு அவுக சொன்னா, நான் வாயத் தெறக்க முடியுமா? என்கிட்ட இருக்கறது இந்த ஒரு அண்ணன்தான். அதயும் நீயே இல்லாமப் பண்ணிராத."

பெருவிரலால் படத்தை அழுத்திப் பிடித்தாள். அழிக்கவா என்று போன் கேட்டது. அழித்தாள். போனை என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, குடத்தை நிரப்பி இடுப்பில் எடுத்துக்கொண்டு நடந்தாள். தூக்கிவிடக் கை நீட்டினேன். அவள் அதற்குள் தூக்கியிருந்தாள்.

பந்தியில் என்னை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் பெரியகருப்பனின் சித்தி ஒருத்தி. காய்கறி வெஞ்சன வாளியோடு ஆனந்தி வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்தாள். என் இலைக்கு வந்ததும் சித்தி நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

"உம் பிடிவாதத்தால அந்த மனுசன் ஆச போச்சுங்குறது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆனா இப்பேர்ப்பட்ட அண்ணன் கெடைக்க நீ கொடுத்து வச்சிருக்கணும்டி."

"ஆமா சித்தி," என்றாள் ஆனந்தி, பந்தி முழுக்கக் கேட்கும்படியாக. "எம் பிடிவாதந்தான். எங்க அண்ணன் மாதிரி ஒருத்தர் வராம நான் எப்படிக் காது குத்துவேன்?"

என் இலையில் இன்னொரு கரண்டி வைத்தாள். நான் குனிந்து சாப்பிட ஆரம்பித்தேன்.